கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடிக்காரரான நண்பர் ஒருவர் அறிவியல் புனைகதை நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் வரைவிலிருந்து ஏறத்தாழ நாற்பது பக்கங்களை அனுப்பிக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். கதை நிகழ்வது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால், வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில். மேலே பல கிலோமீட்டர் தடிமனுள்ள பனி ஓடு. அதன் அடியில் உப்புக்கடல். அந்தக் கடலைக் காக்கும் போர்வீரர் அணி ஒன்றுதான் நாவலின் மையம். நாற்பது பக்கங்களும் அந்த அணியின் முன்கதை. ஏழு படிநிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர், கவசத்தின் வண்ணம், வாளின் நீளம், கொடியில் இரட்டைக் கயல். அணியின் நிறுவனர் பாண்டிய அரச மரபின் கடைசிக் கொழுந்து.

வாசித்து முடித்தபோது அந்த வீரர்களில் ஒருவனைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களுடைய உடை தெரிந்தது. அவர்களில் ஒருவன் பொய் சொன்னால் எப்படிச் சொல்வான், பசித்தால் முதலில் எதை விற்பான், யாரைக் கண்டு தலைகுனிவான் என்பது தெரியவில்லை. இதை நண்பரிடம் சொன்னேன். சற்று வருந்தினார். வருத்தத்தை ஈடுசெய்யும் விதமாக, சொன்னதை விரிவாக எழுதிப் பார்ப்பது என் கடமை என்று தோன்றியது. தமிழில் அறிவியல் புனைகதையும் மிகைபுனைவும் எழுதுகிறவர்கள் பெருகிவரும் காலம் இது. கணினி விளையாட்டுகளுக்கும் வரைகதைகளுக்கும் பின்னணி எழுதும் இளைஞர்களையும் காண்கிறேன். அனைவரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு வீரர் அணியை உருவாக்கியே தீர்கிறார்கள். ஆகவே இது நண்பருக்கு மட்டுமான விஷயம் அல்ல.

வெளியில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கலாம். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' நாவலில் ஃப்ரெமன் என்ற பாலைநில மக்கள் வருகிறார்கள். அவர்களை நாம் முதலில் அறிவது கத்தியால் அல்ல, தண்ணீரால். உடலிலிருந்து வெளியேறும் ஈரத்தைச் சேமித்து மீண்டும் குடிக்கும் உடை அணிந்தவர்கள். இறந்தவனின் உடல்நீர் அவன் குழுவுக்குச் சொந்தம் என்ற சட்டம் உடையவர்கள். எச்சில் துப்புவது அங்கே மரியாதை, ஏனெனில் அது ஈரத்தின் கொடை. அவர்களுடைய போர்க்குணம் முழுவதும் இந்த ஒரு பற்றாக்குறையிலிருந்து வளர்கிறது. லெஸ்லி பிளான்ச் என்ற எழுத்தாளர் காகசஸ் மலைநாட்டில் இமாம் ஷாமில் ரஷ்யப் பேரரசை எதிர்த்து நடத்திய போரைப் பற்றி 1960இல் எழுதிய வரலாற்று நூலிலிருந்து ஹெர்பர்ட் நிறைய எடுத்துக்கொண்டார். 1987இல் வெளிவந்த 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டின் விண்வெளி வீரர் அணிகளைப் பாருங்கள். அவற்றுள் 'பிளட் ஏஞ்சல்ஸ்' அணி ரசிகர்களின் மனதில் நிற்பதற்குக் காரணம் சிவப்புக் கவசம் அன்று. தங்கள் மூதாதையின் மரணத் தறுவாயைத் தாமே அனுபவிப்பதாக எண்ணிப் பித்தேறும் குறை ஒன்று அந்த அணியின் குருதியிலேயே இருக்கிறது. அவர்கள் பெருமைப்படுவதும் அஞ்சுவதும் ஒரே குருதியை.

நம் மொழியிலேயே சான்று உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாசித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதிகாரத்தின் காவலர்களில் எவரையும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஜீனோ என்ற இயந்திர நாயை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஏவலுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொம்மை புத்தகம் வாசிக்கிறது, கேள்வி கேட்கிறது. எது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு ஒவ்வாத ஒரு குணம் அதனுள் முளைக்கும்போதுதான் ஆளுமை பிறக்கிறது. தனிமனிதருக்குப் பொருந்தும் இது அணிகளுக்கும் பொருந்தும்.

நண்பர் தம் அணியின் வேர்களைத் தேடிச் சென்றது ஜப்பானிய சாமுராய்களிடமும், அவர்களை நகலெடுத்த ஹாலிவுட் படங்களிடமும். அதன்மேல் பாண்டியக் கொடியைப் போர்த்திவிட்டார். அவர் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். அந்தக் கரையில் கிடப்பதை அவர் குனிந்து எடுக்கவில்லை என்பதே என் முதன்மையான குறை.

முத்துக்குளித்தலை எடுத்துக்கொள்வோம். முத்துச் சலாபம் என்பது பெருந்தொழில். குறிப்பிட்ட பருவத்தில், அரசு அறிவித்த நாளில், நூற்றுக்கணக்கான படகுகள் பார்களை நோக்கிச் செல்லும். குளிப்பவர் காலில் கல்லின் எடையோடு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் மூச்சு. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே படகில் இருப்பவர் அந்த அசைவை உணர்ந்த கணமே இழுக்க வேண்டும். அவர் ஒரு பீடி பற்றவைக்கத் திரும்பினால் கீழே ஒரு உயிர் இல்லை. மேலே இருப்பவர் யார் என்பது பற்றி ஒரு வழக்கு தமிழில் பரவலாகச் சொல்லப்படுகிறது. கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு, ஆகவே சலனம் வரலாம். மனைவியின் உடன்பிறந்தவனுக்கோ, தன் சகோதரி தாலியறுத்து நிற்கக் கூடாது என்ற ஒரே அக்கறை. எல்லாப் படகிலும் இப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம். ஒரு சமூகம் நம்பிக்கையைப் பற்றி எப்படிச் சிந்திக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்றை நான் அறியேன்.

எழுதுகிறவனின் கண்ணோடு இதைப் பாருங்கள். போர்வீரர் அணி என்றதும் நமக்குத் தோன்றும் அலகு தனியொருவன். அவன் கையில் ஒரு வாள். இங்கே அலகு இருவர். நடுவே ஒரு கயிறு. இன்னும் கூர்ந்து பார்த்தால் மூவர். கடலில் இல்லாத, கரையில் காத்திருக்கும் ஒரு பெண் அந்தக் கயிற்றின் இழையாக இருக்கிறாள். நண்பரின் நாற்பது பக்கங்களில் ஒரு பெண்கூட இல்லை. இருந்தாக வேண்டும் என்று நான் கணக்குக்காகச் சொல்லவில்லை. அவள் இல்லாமல் கயிற்றைப் பிடித்திருப்பவன் ஏன் பிடித்திருக்கிறான் என்பதற்கு விடை இல்லை. உறுதிமொழி என்று நாலு வரி எழுதிவிடலாம். அதை மீறாமல் தடுப்பது எது என்று எழுதுவதுதான் முன்கதை.

இனி அச்சம். சலாபத்தின்போது சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். கடல்கட்டி என்பது அவர் பெயர். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றிச் சொல்லும்போது, மீன்களைக் கட்டும் மந்திரவாதிகளுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அறுநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளிக்குப் பின், எதிர்க்கரையில், இலங்கையின் ஆங்கில அதிகாரி எமர்சன் டென்னென்ட் 1859இல் வெளியிட்ட நூலில் அதே பணியைப் பதிவுசெய்கிறார். அப்போது அந்தப் பரம்பரையின் தலைவராக இருந்தவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர். மந்திரத்தின் ஆற்றலுக்கு அது எவ்விதத்திலும் தடையாகக் கருதப்படவில்லை. மதம் மாறியிருக்கிறது, அரசு மாறியிருக்கிறது, சுறா மாறவில்லை. ஆகவே கடல்கட்டியும் மாறவில்லை. ஓர் அணியின் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், இதைச் சுட்டிக்காட்டுவேன். யூரோப்பாவின் கடலுக்குச் செல்கிறவர்கள் எல்லா அறிவியல் கருவிகளோடும் செல்வார்கள். புறப்படும் முன் ஒரு கிழவர் முணுமுணுக்கும்வரை ஒருவரும் இறங்க மாட்டார்கள். அவருக்குச் சம்பளம் அரசுக் கணக்கில் எழுதப்படும். இந்த ஒரு காட்சி போதும். ஏழு படிநிலைகள் வேண்டாம்.

பனி என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. தூத்துக்குடியின் பெரிய தேவாலயம் பனிமய மாதாவுடையது. பனியின் அன்னை. பனிப்பொழிவை ஒருபோதும் கண்டிராத, ஆகஸ்ட் வெயிலில் கொதிக்கும் ஒரு கரை, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 5ஆம் தேதி பனியின் அன்னைக்குத் திருவிழா எடுக்கிறது. இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த நண்பர், பனிக்கடியில் கடல் உள்ள உலகத்தைக் கற்பனை செய்திருக்கிறார். இரண்டையும் அவர் இணைத்துப் பார்க்கவே இல்லை. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் யூரோப்பாவில் இறங்கும் நாளில், நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகத் தாங்கள் யாரை வணங்கினோம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் புரியும் அல்லவா? நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபரில் புறப்பட்டு அங்கே பயணம் செய்துகொண்டிருக்கிறது. ஏவூர்தியைவிட மாதா முன்னதாகவே பனிக்குச் சென்றுவிட்டாள் என்று ஒரு பாட்டி சொல்வதாக எழுதலாம். இத்தகைய ஒன்றைச் சாமுராய்களிடமிருந்து பெற முடியாது.

ஒரு குழுவின் ஆளுமை அதன் முரண்களில்தான் இருக்கிறது என்றேன். இக்கரையின் வரலாறு அதற்கு ஒரு பாடநூல். 1530களில் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிப் பெருந்திரளாகக் கிறித்தவத்தைத் தழுவினார்கள். முத்துப்பார்களின்மேல் உள்ள உரிமைக்கான போட்டியும், அதையொட்டிய வன்முறையும் அதற்குப் பின்னால் இருந்தன. பிரான்சிஸ் சேவியர் வந்து சேர்ந்ததே 1542இல்தான். வணிகக் கணக்கில் நடந்த மதமாற்றம் என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். அவர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருமார்களை அகற்றினார்கள். இம்மக்களைத் தம் பக்கம் இழுக்க முயன்றார்கள். கணக்குத்தான் எல்லாம் என்றால் இம்முறையும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கடலுக்காக ஒருமுறை தெய்வத்தை மாற்றிக்கொண்டவர்கள், அதே கடலுக்காக இரண்டாம் முறை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நூறு ஆண்டுகளில் ஏதோ நடந்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'மும், அதைத் தொடர்ந்து 1586இல் அதே ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அச்சிட்டு வெளியிட்ட 'அடியார் வரலா'றும் இம்மக்களுக்காகவே தமிழில் உருவானவை. பின்னது புனிதர்களின் கதைத்தொகுப்பு. ஒரு சமூகத்துக்கு இரண்டாவது முன்கதை எழுதிக்கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள். முன்கதை ஆளுமையை உருவாக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

போர்வீரர்களுக்கே வருவோம். உறுதிமொழியால் பிணைந்த படைகள் தமிழ் வரலாற்றில் உண்டு. பாண்டியரின் தென்னவன் ஆபத்துதவிகள், சோழரின் வேளைக்காரர் ஆகியோரை வரலாற்று நாவல்கள் வழியே பலர் அறிவார்கள். அரசனுக்காக உயிர் துறப்பவர்கள் என்பதோடு நாவல்கள் நின்றுவிடும். மார்க்கோ போலோவும் மாபார் நாட்டு மன்னன் இறந்தால் அவனுடைய அணுக்க வீரர்கள் சிதையில் பாய்வார்கள் என்றே எழுதுகிறார். ஆனால் வேளைக்காரரின் கதை இலங்கையில் வேறுவிதமாகத் திரும்புகிறது. முதலாம் விஜயபாகு (1055–1110) சோழரை விரட்டி ஆட்சியை நிறுவியவன். அவனிடம் கூலிக்கு இருந்த வேளைக்காரப் படைக்குச் சோழர்மேல் போருக்குச் செல்ல ஆணை வந்தது. அவர்கள் மறுத்தார்கள். கலகம் செய்தார்கள், அரண்மனையை எரித்தார்கள் என்று சூளவம்சம் கூறுகிறது. கலகம் கொடூரமாக அடக்கப்பட்டது. பிறகு? அதே விஜயபாகுவின் மறைவுக்குப் பின், பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல்லை வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்று, வணிகக் குழுவினரான வளஞ்சியரையும் கூட்டிவைத்து, தமிழில் கல்வெட்டுப் பொறித்தவர்களும் வேளைக்காரரே. தங்கள் மதம் அல்லாத ஒரு கோயிலைக் காப்போம் என்ற உறுதி, தங்கள் குலம் அழியும்வரை என்ற உறுதி.

இந்த நிகழ்ச்சிக் கோவையைவிட வலுவான முன்கதையை யார் கற்பனை செய்துவிட முடியும்? ஒருமுறை வாக்குத் தவறியவர்கள்தாம் அடுத்த வாக்கைக் கல்லில் வெட்டுகிறார்கள். நம்பப்படாதவனின் சத்தியம் உரத்துத்தான் ஒலிக்கும். அவர்கள் ஏன் மறுத்தார்கள்? எதிரில் நின்றவர்கள் தம்மவர் என்பதாலா, கூலி பாக்கியா, தோல்வி உறுதி என்று தெரிந்ததாலா? சூளவம்சம் அரசர்களின் பக்கம் நின்று எழுதப்பட்டது. கல்வெட்டோ வேளைக்காரர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மௌனம்தான் நாவலாசிரியனின் இடம்.

முத்துக்கரைக்கும் இத்தகைய இரட்டைச் சான்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க வணிகக் கையேடு, பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்து எடுக்கப்பட்டதாகச் சொல்கிறது. அது ஓர் அயல் வணிகனின் குறிப்பு. இக்கரையில் வழங்கும் பெருமைக் கதைகளோ அரச மரபை நோக்கிச் செல்பவை. நண்பரின் அணி தன் ஆவணங்களில் தன்னைப் பாண்டியர் வழி என்று எழுதிவைத்திருக்கட்டும். எங்கோ ஒரு சரக்குக் கப்பலின் பழைய பதிவேட்டில், இவர்கள் தண்டனைக் கைதிகளின் பிள்ளைகள் என்றும் இருக்கட்டும். எது உண்மை என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் அறிந்த ஒரு வீரன் எதை நம்புவான், எதைத் தன் மகளுக்குச் சொல்வான் என்று எழுதினால் அவன் முகம் நமக்குத் தெரிந்துவிடும்.

அணிகள் தம்மைப் பற்றிச் சொல்வதை நம்பக் கூடாது என்பதற்கு இதே மாவட்டத்தில் அண்மைக்கால எடுத்துக்காட்டு இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. மூவாயிரம் பேர் சத்தியம் செய்திருப்பதாக அது சொன்னது. பின்னர் நடந்த சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பதினான்கு பேர். நீலகண்ட பிரம்மச்சாரியின் தலைமையில் இயங்கிய அந்த ரகசியச் சங்கத்தில், குங்குமம் கரைத்த நீரைக் குருதியாக எண்ணிக் குடித்ததும், விரல் குருதியால் ஒப்பமிட்டதும் நமக்கு எப்படித் தெரியும்? அப்ரூவராக மாறியவர் நீதிமன்றத்தில் சொன்னதால். ஓர் அணியின் சடங்குகளைக் காலத்துக்கும் காப்பாற்றித் தந்தவன் அதைக் காட்டிக்கொடுத்தவன். அந்தக் கடிதத்திலேயே, ஆங்கில மன்னனை இழிவுசெய்வதற்குத் தலித் மக்களைக் குறிக்கும் ஒரு சாதிச்சொல் வசையாகப் பயன்பட்டிருக்கிறது. வாஞ்சியின் துணிவை மறுக்க வேண்டியதில்லை. அவருடைய சங்கத்தின் வாசல் எத்தனை குறுகியது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. வீரர் அணி ஒன்றைப் புனைபவர், அதற்குள் யார் வர முடியாது என்பதையும் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டாலும் அது இருக்கும்; ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். கற்பனை உலகத்து அணி, விளையாட்டு, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தூத்துக்குடி மாவட்டம் 1986இல் உருவானபோது அதன் பெயர் வ.உ. சிதம்பரனார் மாவட்டம். இன்று அந்தப் பெயர் மாவட்டத்துக்கு இல்லை. 1997இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படையில் இருந்து ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டவர் அவர். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பித் தென்மாவட்டங்களில் வன்முறையாக மூண்டது. இறுதியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. வ.உ.சி.யின் பெயரும் அதில் போயிற்று. 2011இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதால் அது அந்தக் கரைக்குத் திரும்பி வந்தது.

ஒரு வீரனின் பெயர் பேருந்தின் நெற்றியில் இருந்ததற்காக உயிர்கள் போன மண் இது. இங்கே உட்கார்ந்து 'அரச குருதியின் கடைசிக் கொழுந்து நிறுவிய வீரர் அணி' என்று எழுதும்போது, அந்த வாக்கியம் யூரோப்பாவுக்குப் போவதில்லை. அது நேராக அடுத்த தெருவின் சுவரொட்டிக்குப் போகிறது. ஆண்ட பரம்பரை என்ற சொல்லைத் தாங்கிய சுவரொட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிறப்பால் வீரம் என்ற கருத்தை அறிவியல் புனைகதையின் பளபளப்பில் தோய்த்துக் கொடுப்பது, அந்தச் சுவரொட்டிக்குப் புதிய பசை காய்ச்சிக் கொடுப்பதற்குச் சமம். நண்பர் அப்படி நினைத்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். வாசகர் அப்படி வாசிக்க எல்லா வசதிகளையும் செய்து வைத்திருக்கிறார் என்பதே என் கவலை.

இதை நான் சொன்னபோது நண்பர் கேட்ட கேள்வி என்னைச் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. "பெயரைச் சொன்னால் சாதிப்பெருமை என்கிறீர்கள். பெயரை விட்டுவிட்டு அவர்களுடைய கயிற்றையும் கல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அது திருட்டு ஆகாதா?" நியாயமான கேள்வி. தொழிலை அழகுப்பொருளாக்கி, தொழிலாளியை அழிப்பது இலக்கியத்தில் பழைய பழக்கம். இங்குச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். முத்துச்சிப்பி ஆய்வுக்கூடத்துக்கு இடம்பெயர்ந்து, 1973இல் தூத்துக்குடியிலேயே செயற்கை முறையில் முத்து விளைவிக்கப்பட்டது. பழைய குளிப்பாளிகளின் திறமைக்கு அதன்பின் அரசுக் கணக்கில் இடமில்லை. அவர்களுடைய மூச்சை எடுத்து என் நாவலுக்கு அணிகலனாக்குவேன் என்பது சரியல்லதான்.

எனக்குத் தோன்றும் விடை இது. பெயரை மறைக்க வேண்டாம். பெருமையாகவும் ஏற்ற வேண்டாம். உழைப்பை உழைப்பாகவே எழுதுவோம்: கூலி எவ்வளவு, யார் எடுத்துக்கொண்டது, காது கிழிந்தவன் அதன்பின் என்ன செய்தான் என்பதோடு சேர்த்து. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' பரதவர் வாழ்வை அவ்வாறு எழுதிக் காட்டியது. 'கொற்கை' 2013இல் சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. அவற்றில் கடல்மேல் செல்கிறவர்கள் வீரர்கள்தாம். கூடவே கடனாளிகள், பொறாமைக்காரர்கள், பிழை செய்தவர்கள். அவர்களுடைய பேச்சு அவர்களுடையது. ஒரு மக்கள் கூட்டத்தைக் குறையோடு எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. குறையில்லாமல் எழுதுவது கட்சிக் கூட்டத்து வரவேற்புரை.

துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்தவரையே எண்ணிப் பாருங்கள். வ.உ.சி.யின் ஆயுதம் பங்குப் பத்திரம். 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். எதிரி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து இவர்களை மூழ்கடிக்கப் பார்த்தான். இக்கரையின் பெரும்போர் பயணச்சீட்டு விலையில் நடந்தது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திலும் அவர் நின்றார். அவ்வாண்டே சிறை சென்றார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 இறுதியில் வெளியே வந்தபோது கப்பல்கள் இல்லை. வக்கீல் தொழிலும் இல்லை. அவருடைய அணி என்று ஒன்று இருந்ததென்றால் அதில் வணிகர், வக்கீல், ஆலைத் தொழிலாளி எல்லோரும் இருந்தார்கள். பிறப்பால் சேரவில்லை; பங்கு போட்டுச் சேர்ந்தார்கள். தோற்றுச் சிதறினார்கள் என்பதும் உண்மை. சிதறிய அணியின் மிச்சங்கள் பின்னாளில் ஒருவரையொருவர் தெருவில் பார்த்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை எழுத ஒரு சுஜாதா போதாது.

நண்பரிடம் கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். ஏழு படிநிலைகளையும் கொடியையும் எடுத்துவிடுங்கள். நாவலை இப்படித் தொடங்குங்கள்: பனியைத் துளைத்த குழியின் விளிம்பில் ஒருவன் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். கீழே இருப்பவனை அவனுக்குப் பிடிக்காது. அவனுடைய முன்னோர் ஒருகாலத்தில் வாக்குத் தவறியவர்கள் என்று ஊரே சொல்லும். கயிறு அசைவதற்கு இன்னும் சில நொடிகள் இருக்கின்றன. அந்த நொடிகளுக்குள் அவன் மனதில் ஓடுவதுதான் அணியின் முன்கதை. மற்றதெல்லாம் தானாக வரும்.

அவர் வாதத்துக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து மூன்று பக்கங்கள் வந்தன. அதில் வாள் இல்லை. கயிற்றைப் பிடித்திருப்பவனின் தங்கை பெயர் மட்டும் முதல் வரியிலேயே இருந்தது.